மாரிமழையில் மட்டக்களப்புக் கோட்டை: ஒரு முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்புக் கோட்டையைப் பார்க்க எந்த மாதம் நல்லது என்று வெளியூர் நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் நான் மார்கழி என்றுதான் சொல்வேன். “மார்கழியில் மழையல்லவா?” என்பார்கள். அந்த மழைக்காகத்தான் வரச் சொல்கிறேன். கச்சான் காற்று புழுதியை வாரி இறைக்கும் ஆனி, ஆடியில் அது வெயிலில் வெளிறிய ஒரு பழைய மதில். பத்து நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நிழல் தேடிப் போய்விடுவீர்கள். மழை இறங்கிவிட்டால் கல் கறுக்கிறது, அகழி நிரம்புகிறது, வாவி மதிலின் காலடிக்கு ஏறி வருகிறது. நீரை நம்பிக் கட்டிய கோட்டை அது. நீர் நிறைந்த நாளில் பார்த்தால்தான் கட்டியவர்களின் கணக்கு விளங்கும்.

எங்கள் ஊரில் பலருக்கு அந்த இடம் கோட்டை என்பதைவிடக் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம். தலைமுறைகளாக மாவட்ட நிருவாகம் அந்த மதில்களுக்குள்தான் நடந்தது. காணி, ஓய்வூதியம், நிவாரணம் என்று கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நூறு முறை போய் வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் கொத்தளத்தில் ஒருமுறைகூட ஏறியதில்லை. இந்த வழிகாட்டி வெளியூரவர்களுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல, அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

எந்த மழையில் போகலாம், எதில் கூடாது

முதலில் முடிவுசெய்ய வேண்டியது இதுதான். எல்லா மழையும் ஒன்றல்ல.

ஒக்டோபரிலும் நவம்பர் முற்பகுதியிலும் பெய்வது இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மழை. காலையில் வெயில் எறிக்கும். பின்னேரம், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்து இடியோடு கொட்டும். கொத்தளத்தின் மேல் நிற்கும்போது சுற்றிலும் திறந்த வாவி; உங்களைவிட உயரமாக அருகில் ஒன்றும் இருக்காது. மின்னல் நேரத்தில் அங்கே நிற்பது உயிரோடு விளையாடுவது. ஆகவே அந்த மாதங்களில் வருபவர்கள் காலை ஒன்பது மணிக்குப் போய், நண்பகலுக்குள் பார்த்து முடித்துவிடுங்கள். தொலைவில் ஓர் இடிச்சத்தம் கேட்டாலும் உடனே கீழே இறங்கிவிட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை மேலே ஏறக் கூடாது.

டிசம்பரும் ஜனவரியும் வேறு. அப்போது வடகீழ்ப் பருவக்காற்று, நாங்கள் வாடை என்று சொல்லும் காற்று, கடலிலிருந்து மழையைக் கொண்டுவருகிறது. இடி குறைவு. ஒரு பாட்டம் அடித்துப் பெய்யும், கொஞ்சம் வெளிக்கும், மறுபடி தூறும். கோட்டைக்கு ஏற்ற மழை இதுதான். பெய்யும்போது விறாந்தையில் நின்று பார்க்கலாம், வெளித்ததும் மதிலில் ஏறலாம்.

மூன்றாவது வகை, வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று செய்தி வரும் நாள். அன்றைக்கு வராதீர்கள். 1978 நவம்பர் 23 இரவு வந்த சூறாவளியை இங்கே வயதானவர்கள் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். கூரைகளும் தென்னந்தோப்புகளும் ஒரே இரவில் போன கதையைச் சொல்வார்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் மாவட்டத்தின் பெரும்பகுதி நீருக்குள் கிடந்தது. கிளம்புவதற்கு முதல் நாளும் கிளம்பும் காலையிலும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பைப் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைக் கைபேசியில் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து வருபவர்களுக்கு இன்னொன்று: மகாவலி பெருகினால் மன்னம்பிட்டிப் பக்கம் வீதியும் ரயில் பாதையும் தடைப்படுவதுண்டு. மட்டக்களப்பில் மழை குறைவு என்பதை மட்டும் நம்பிக் கிளம்பிவிட வேண்டாம்.

முதல் நாள் இரவு எடுத்துவைக்க வேண்டியவை

குடையை நம்பாதீர்கள். நகரத்துக்குள் நடக்க அது போதும். மதிலின் மேல் வாடைக்காற்று அதைப் புரட்டிப் போட்டுவிடும். தலையை மூடும் மழைக்கோட்டுத்தான் சரி. இரண்டு கைகளும் வெறுமையாக இருக்க வேண்டும், பிடித்து ஏறுவதற்கு.

செருப்புத்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். பின்வார் உள்ள, அடி தேயாத செருப்பாகவோ சப்பாத்தாகவோ இருக்கட்டும். சில ஆண்டுகளுக்கு முன் வீட்டில் போடும் சாதாரண இறப்பர் செருப்போடு ஏறினேன். பாசி பிடித்த கல்லில் கால் வைத்ததும் செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முழங்கை வீங்கி மூன்று வாரம் எழுத முடியாமல் இருந்தேன். பின்னால் வந்த அக்காவின் மகளை அன்று கையில் பிடித்திருந்தால் அவளும் சேர்ந்து விழுந்திருப்பாள்.

ஒரு சின்னத் துவாய், மாற்றுச் சட்டை, கைபேசிக்கும் பணத்துக்கும் இறுக்கிக் கட்டக்கூடிய சொப்பிங் பைகள் இரண்டு, நுளம்புக்குப் பூசும் மருந்து. மழைக்காலம் டெங்குக் காலமும்கூட. அகழிக்கரையில் நிற்கும்போது முழுக்கைச் சட்டை நல்லது. தேசிய அடையாள அட்டையும் இருக்கட்டும். அரச காரியாலயங்கள் இயங்கிய இடத்துக்குள் போகிறீர்கள். கேட்டால் காட்ட வேண்டும்.

புளியந்தீவுக்கு வந்து சேர்தல்

கோட்டை இருப்பது புளியந்தீவில். பெயருக்கேற்ப அது வாவிக்குள் இருக்கும் ஒரு சிறு தீவு. பாலங்களால் நகரின் மற்றப் பகுதிகளோடு இணைந்திருக்கிறது. கொழும்பிலிருந்து உதய தேவி ரயில் மட்டக்களப்புவரை வருகிறது. மழைக்காலத்தில் பஸ்ஸைவிட ரயிலே எனக்குப் பிடித்தது, ஜன்னலோரம் பெரும்போக வயல்கள் பச்சையாக விரிந்து கிடக்கும். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து வருபவர்கள் கல்லடிப் பாலத்தால் வருவீர்கள்.

ஆட்டோவில் ஏறி வெறுமனே “கோட்டை” என்று சொன்னால் கோட்டைமுனை என்ற வேறொரு பகுதியில் இறக்கிவிடக்கூடும். “ஒல்லாந்தர் கோட்டை, பழைய கச்சேரி” என்று சேர்த்துச் சொல்லுங்கள். வார நாளின் காலை நேரம் வசதியானது. போயா நாட்களையும் அரச விடுமுறைகளையும் தவிர்த்துவிடுங்கள்.

உள்ளே போவதற்கு முன் நீரைப் பாருங்கள்

பலரும் நேரே வாயிலுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். அது வேண்டாம். முதலில் வெளியே, வாவிக்கரையில் ஒரு கால் மணி நேரம் நில்லுங்கள். முடிந்தால் எதிர்க்கரையிலிருந்தும் ஒருமுறை பாருங்கள்.

நான்கு மூலைகளிலும் நான்கு கொத்தளங்கள். இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. கோடையில் இது படத்தில் பார்க்கும் விபரம் மட்டுமே. மாரியில் கண்ணுக்கு நேரே நடக்கும் காரியம். படுவான்கரையில் பெய்யும் மழையெல்லாம் வயல், வாய்க்கால், ஆறு என்று இறங்கி இந்த வாவிக்குத்தான் வருகிறது. வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர். அது கடலைச் சேரும் முகத்துவாரத்தைக் கோடையில் மணல்திட்டு அடைத்துக்கொள்ளும். மழை வலுத்து, தாழ்நிலங்களில் வெள்ளம் ஏறத் தொடங்கினால் அந்தத் திட்டை வெட்டிவிடுவார்கள். நீர் கடலுக்கு ஓடும். முகத்துவாரம் வெட்டுவதற்கு முந்தைய நாட்களில் வந்தால் அதிர்ஷ்டம்தான். வாவி தளும்பி நிற்கும், மதிலின் அடிக்கல் நீருக்குள் மறைந்திருக்கும், கோட்டை மிதப்பதுபோல் தோன்றும்.

ஒருமுறை அப்படி நின்றபோது தோணியைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு முதியவர் என்னைக் கூப்பிட்டார். “கல்லைப் பார்க்காதே மகன், கல்லில் இருக்கும் கறையைப் பார்.” காட்டினார். நீர்மட்டத்துக்கு மேலே ஒரு முழ உயரத்தில் மதில் நெடுகப் பச்சையும் கறுப்புமாக ஒரு கறை. முந்தைய மழைக்கு வாவி ஏறி நின்ற இடம் அது. அன்றிலிருந்து போகும்போதெல்லாம் முதலில் அந்தக் கறையைத்தான் தேடுகிறேன்.

நீரோரம் இறங்கிக் கால் நனைக்க வேண்டாம். வாவியில் முதலைகள் இருக்கின்றன. கலங்கிய நீரில் அவை தெரியாது.

வரலாற்றை நினைத்துக்கொள்ள இந்தக் கரைதான் இடம். 1602 மே 31 அன்று ஜோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்த (டச்சு) மாலுமி மட்டக்களப்புக் கரைக்கு வந்தான். கண்டி அரசனைச் சந்திக்க இங்கிருந்துதான் போனான். கீழைக் கரையில் ஒல்லாந்தர் கால் வைத்ததைக் கண்ட போர்த்துக்கேயர் அந்த வழியை அடைக்க நினைத்தார்கள். திருகோணமலையில் கோணேசர் கோயிலை இடித்து அங்கே கோட்டை எழுப்பினார்கள். அடுத்து 1628இல் தேசாதிபதி கொன்ஸ்தந்தீனு த சா புளியந்தீவில் இந்தக் கோட்டையைக் கட்டினான். மலைநாட்டு அரசுக்குக் கடல் வழி கிடைக்கக் கூடாது என்பதே நோக்கம். முகத்துவாரத்தை மணல் காக்கிறது, தீவை வாவி காக்கிறது, இரண்டு பக்கம் அகழி வெட்டினால் போதும். மழையில் நனைந்துகொண்டு அங்கே நின்று பார்த்தால் அந்த இடத்தைத் தெரிந்தெடுத்த காரணம் தானாகவே புரியும்.

வாயிலில் நின்று மேலே பாருங்கள்

காவலில் நிற்கும் உத்தியோகத்தரிடம் கோட்டையைப் பார்க்க வந்திருக்கிறேன், மதிலில் ஏறலாமா என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் போனால் நல்ல முகம் கிடைக்கும். எந்தப் படி வழுக்கும் என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

பழைய வாயிலில் ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னத்தைத் தேடுங்கள். நடுவில் பெரிய ‘வி’, அதன் இரு கைகளிலும் ‘ஓ’வும் ‘சி’யும். வெயிலில் கல்லோடு கல்லாகக் கலந்துவிடும். மழையில் பள்ளத்தில் நீர் தங்கி, மேடு துலங்கித் தெரியும்.

அந்தச் சின்னம் அங்கே வந்த கதை பத்தே ஆண்டில் நடந்தது. 1638 மார்ச்சில் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன் கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படையை முறியடித்தான். மே மாதம் அடம் வெஸ்டர்வோல்ட்டின் ஒல்லாந்தக் கப்பல்கள் இங்கே வந்தன. வாடை ஓய்ந்து, கடல் படிந்திருக்கும் காலம் அது. மே 18 அன்று கோட்டை வீழ்ந்தது. இலங்கையில் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்த முதல் கோட்டை இதுதான். திருகோணமலையும் காலியும் இதற்குப் பிறகு. ஐந்து நாள் கழித்து, மே 23 அன்று, அரசனும் வெஸ்டர்வோல்ட்டும் மட்டக்களப்பில் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை வைப்பது அரசன் விரும்பினால் மட்டுமே என்ற வாசகம் அரசனிடம் இருந்த பிரதியில் இருந்தது. ஒல்லாந்த மொழிப் பிரதியில் இல்லை. அந்த ஒரு வரிக்காக இரு தரப்பும் பல ஆண்டு மோதிக்கொண்டன. கோட்டையைப் பின்னர் ஒல்லாந்தர் தமக்கேற்பத் திருத்திக் கட்டினார்கள். 1795இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது.

தலைமுறை தலைமுறையாக மட்டக்களப்பு மக்கள் கடுதாசியோடு காத்து நின்ற இடத்தின் கதை ஒரு கடுதாசியின் விடுபட்ட வரியில் தொடங்குகிறது. இந்த வாயிலைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

மழை பலத்தால் விறாந்தை

உள்ளே போனதும் முற்றம், தூண்கள் தாங்கிய விறாந்தைகள், ஓட்டுக் கூரைகள். பெருமழை தொடங்கினால் அவசரப்பட்டு எங்கும் ஓடாதீர்கள். அறைகளின் வாசலை மறைக்காமல் ஒரு தூணோரம் நின்றுகொள்ளுங்கள். மழை நாளின் சிறந்த பகுதி இதுதான் என்பது என் எண்ணம்.

பத்து வயதில் அப்பாவோடு வந்து அப்படி நின்றேன். அப்பா ஒரு கையெழுத்துக்காக உள்ளே போயிருந்தார். கோப்பு நனையாமல் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டியிருந்தார். எனக்குப் பார்க்க வேறொன்றும் இல்லை, கூரையிலிருந்து விழும் நீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டின் ஒவ்வொரு வாய்க்காலிலிருந்தும் ஒரு நீர்க்கம்பி. ஒவ்வொரு கம்பிக்கும் நேர் கீழே தரையில் ஒரு குழி. எண்ணிப் பார்த்தேன், ஓட்டு வரிசைக்குச் சரியாகக் குழி வரிசை, தச்சன் அளந்து போட்டதுபோல ஒரே இடைவெளியில். ஒரு குழிக்குள் விரலை விட்டேன். உள்ளே அடிப்பக்கம் உருண்டையாக, வழுவழுப்பாக, ஒரு சின்னக் கிண்ணத்தின் உட்புறம்போல இருந்தது. “எத்தனை மாரி விழுந்திருக்கும் அப்பா?” என்று கேட்டேன். திரும்பி வந்தவர் கையெழுத்துக் கிடைத்ததா இல்லையா என்று சொல்லவில்லை. குந்தி உட்கார்ந்து தானும் ஒரு விரலை விட்டுப் பார்த்தார்.

தரையைப் பாருங்கள். கூரை நீரை ஏந்தும் பீலி பூட்டிய இடத்தில் குழி இருக்காது. பீலி இல்லாத இடத்தில் இருக்கும். முற்றத்து நீர் எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது, மதிலின் எந்த வாயால் வெளியேறுகிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள். பெருமழையில்கூட முற்றம் குளமாகாமல் இருந்தால் அது கட்டியவர்கள் சரிவைச் சரியாக வைத்ததால்தான். வெயிலில் வந்தால் இது எதுவும் கண்ணில் படாது.

வெளித்ததும் மதிலின் மேல்

மழை தூறலாகும்வரை பொறுத்து ஏறுங்கள். படியின் நடுவைத் தவிருங்கள், அங்கேதான் தேய்ந்து வழுக்கும். சுவரோரமாக, ஒரு கை சுவரில் இருக்க ஏறுங்கள். பச்சை நிறக் கல்லில் கால் வைக்காதீர்கள். கறுப்பாகக் காய்ந்ததுபோல் தெரியும் பாசியும் நனைந்தால் எண்ணெய்தான். புல் மண்டிய இடத்தில் தட்டி ஓசை எழுப்பிவிட்டு நடவுங்கள், வெள்ளம் ஏறினால் பாம்பும் மேட்டுக்கு வரும். மதில் விளிம்பிலிருந்து குறைந்தது இரண்டு அடி உள்ளே நில்லுங்கள். ஊறிய மண் எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. பிள்ளைகளின் கையை விட வேண்டாம்.

கொத்தளத்து மூலையில் நின்று மதிலின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பாருங்கள். கொத்தளம் ஏன் மதிலைவிட வெளியே பிதுங்கி நிற்கிறது என்பது அப்போது தெரியும். மதிலின் காலடியில் ஒருவன் ஒட்டி நின்றால் நேர் மேலிருப்பவனுக்குத் தெரியமாட்டான். பக்கத்துக் கொத்தளத்தில் இருப்பவனுக்குத் தெரிவான். பழைய பீரங்கிகளின் மேல் பிள்ளைகளை ஏற்றிப் படம் எடுக்காதீர்கள். நனைந்த இரும்பு வழுக்கும், துரு கிழிக்கும்.

பிறகு சுவரைக் கிட்டப்போய்ப் பாருங்கள். நனைந்த கல் கறுக்கும், சாந்து வெளிறி நிற்கும். எந்தக் கல் எதோடு எப்படிக் கோத்திருக்கிறது என்பது கோடு கோடாகத் தெரியும். சுண்ணாம்புச் சாந்து நீரை உறிஞ்சி மெதுவாகக் காய்கிறது. பிற்காலத்தில் சீமெந்து பூசிய இடம் முந்திக் காய்ந்து திட்டாக வெளுக்கும். மழை விட்ட அரை மணி நேரத்தில் எது பழையது, எது ஒட்டுப் போட்டது என்று சுவரே சொல்லிவிடும். வெடிப்புகளில் ஆலும் அரசும் முளைத்திருந்தால் பிடுங்க வேண்டாம், வேரோடு கல்லும் வந்துவிடும். பேர் எழுதுவது, சாந்தைச் சுரண்டுவது எல்லாம் குற்றம் என்பதோடு பாவமும்கூட.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளை வானத்தைச் சட்டத்துக்குள் நிறைய விட்டால் மதில் கறுத்துப் போகும். வானத்தைக் குறைத்து, அகழியில் விழும் நிழலைச் சேருங்கள். வில்லையைத் துடைக்கக் காய்ந்த பருத்தித் துணி ஒன்று தனியாக இருக்கட்டும்.

மழை விடாவிட்டால்

இரண்டு மணி நேரம் காத்தும் கொட்டுகிறதென்றால் மேலே ஏறுவதை விட்டுவிடுங்கள். கிட்டவே ஒரு சாப்பாட்டுக் கடையில் சூடான பிட்டும் மீன் குழம்பும், மேலே ஒரு பிளேன்டீ. பிறகு வாவிக்கரைக் காந்திப் பூங்கா பக்கம் நடக்கலாம். 1814இல் வந்து பள்ளிக்கூடம் தொடங்கிய மெதடிஸ்த குரு வில்லியம் ஓல்ட்டின் சிலை அங்கே இருக்கிறது. ஆட்டோ பிடித்தால் 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தையும், 1913இல் கட்டிய முகத்துவாரம் வெளிச்சவீட்டையும் பார்த்துவிடலாம். வெட்டிவிட்ட முகத்துவாரத்தைப் பாதுகாப்பான தூரத்தில் நின்று பாருங்கள். பழுப்பு நிற வாவி நீரும் பச்சைக் கடலும் ஒன்றோடொன்று முட்டும். இந்த வாவியில் மீன் பாடும் என்பார்கள்; அதைக் கேட்க வேண்டும் என்று வருபவர்களுக்கு மட்டும் மாரி ஏமாற்றம்தான். அதற்கு அலையில்லாத வாவியும் கோடைக்காலப் பறுவ (பௌர்ணமி) இரவும் வேண்டும்.

மழை விட்டுவிட்டால் உடனே கிளம்பிவிடாதீர்கள். வாயிலைத் தாண்டி அகழிப் பக்கம் வந்து இன்னும் கொஞ்சம் நில்லுங்கள். மேலே வானம் வெளித்த பிறகும் மதில் சிந்திக்கொண்டே இருக்கும். கல்லிடுக்குகளிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி அகழியில் விழும் அந்த நீர், நீங்கள் விறாந்தையில் நின்றபோது தலைக்கு மேலே பெய்த அதே மழை. முதலில் ஒரு தவளை கத்தும். பிறகு அகழி முழுவதும்.